குயினோலினும் அழற்சி மருந்துகளும்: மலேரியா மாத்திரை மூட்டுக்கு வந்த கதை

மருந்துக் கடையில் அடிக்கடி வரும் கேள்வி இது. முடக்குவாதத்துக்கு எழுதிய சீட்டைக் கொடுத்து மாத்திரை வாங்கிப் போனவர்கள் மறுநாளே அட்டையோடு திரும்பி வருவார்கள். "ஏந்தம்பி, பேரன் போன்ல போட்டுப் பாத்தான். மலேரியா மாத்திரைன்னு வருதாமா. எனக்குக் காய்ச்சலே இல்லீங்களே, மாத்திக் குடுத்துட்டீங்களா?" என்பார்கள். அட்டையில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்று இருக்கும். மாத்திரையும் சரி, சீட்டும் சரி, பேரன் பார்த்துச் சொன்னதும் சரி. அங்கேதான் சிக்கலே.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கேள்வியும் உண்டு. கோவை, ஈரோடு, குமாரபாளையம், நாமக்கல் என்று நம் பக்கம் பார்மசி கல்லூரிகளுக்குக் குறைவில்லை. "குயினோலின் சேர்மம் அழற்சியைக் குறைக்கிறது" என்று ஏதாவது ஒரு கல்லூரி ஆய்வு செய்தியாக வந்துவிட்டால் போதும், "மூட்டுவலிக்கு நம்மூர்லயே மருந்து கண்டுபிடிச்சுட்டாங்களாமா, எப்பங்க கடைக்கு வரும்?" என்று கேட்க ஆள் வந்துவிடும்.

ஒருவர் பயப்படுகிறார், இன்னொருவர் ஆசைப்படுகிறார். இருவருமே குயினோலினை ஒரு மருந்தாக நினைத்துக்கொள்கிறார்கள். அது அந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் உட்படப் பல மருந்துகளுக்கு உள்ளே இருக்கும் ஒரு கட்டமைப்பு. அதை வைத்து அழற்சி மருந்து செய்வது என்றால் என்ன, ஏன் அது அவ்வளவு லேசில் முடிவதில்லை என்பதை அடியிலிருந்து பார்ப்போம். வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

அழற்சி என்பது என்ன?

களை வெட்டும்போது கால் விரலில் கொத்து பட்டுவிட்டது என்று வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். ரோமாபுரியின் செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே அழற்சியின் அடையாளங்களாக இந்த நான்கைத்தான் எழுதி வைத்தார். காயம் பட்ட இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, அதனால் சிவப்பும் சூடும். சிறு ரத்தக் குழாய்களின் சுவர் நெகிழ்ந்து நீரும் வெள்ளையணுக்களும் வெளியே கசிகின்றன, அதனால் வீக்கம். வந்த வெள்ளையணுக்கள் கிருமியைத் தின்கின்றன, செத்த திசுவை அப்புறப்படுத்துகின்றன. இந்த மொத்த வேலைக்கும் பெயர் அழற்சி.

அழற்சி வேறு, கிருமித் தொற்று வேறு. தொற்று வந்தால் அழற்சி வரும்; ஆனால் ஒரு கிருமியும் இல்லாமலும் அழற்சி வரும். வீக்கம் என்றாலே ஆன்டிபயாடிக் கேட்கிற பழக்கம் இந்த வித்தியாசம் தெரியாததால் வந்தது.

வேலை முடிந்ததும் அழற்சி தானாக அடங்கிவிட வேண்டும். சிலருக்கு அடங்குவதில்லை. முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்பாற்றல் மூட்டின் உள்சவ்வையே பகையாளியாக நினைத்துத் தாக்குகிறது. லூபஸ் நோயில் தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடங்களில் இதே கதை. இப்படித் தன்னையே தாக்கும் நோய்களுக்குத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்று பெயர். இங்கே அழற்சியை அடக்க வெளியிலிருந்து மருந்து தேவைப்படுகிறது.

எதை அடக்குவது? அழற்சி நடப்பது ரசாயனச் செய்திகளால். செல்லின் உறையில் இருக்கும் கொழுப்பிலிருந்து அராகிடோனிக் அமிலம் என்ற பொருள் பிரிந்து வருகிறது. அதை உடம்பு இரண்டு பக்கமாகத் திருப்புகிறது. ஒரு பக்கம் சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டின் ஆக்குகிறது (நொதி என்பது உடம்பில் ஒரு ரசாயன மாற்றத்தை விரைவாக நடத்திக் கொடுக்கும் புரதம்). வலியும் வீக்கமும் பெரும்பாலும் இந்த வழியில் வருகின்றன. இன்னொரு பக்கம் லிப்பாக்சிஜனேஸ் என்ற வேறொரு நொதி லியூகோட்ரீன் என்ற பொருளுக்கு வழி செய்கிறது. மூச்சுக்குழாய் இறுகி வீசிங் வருவதில் அதற்குப் பெரிய பங்கு. இவை போக, வெள்ளையணுக்கள் ஒன்றையொன்று உசுப்பிவிட அனுப்பும் சைட்டோகைன் என்ற புரதங்கள் தனி.

ஆஸ்பிரின், இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் முதல் வழியை அடைப்பவை. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டினார்; 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இவற்றைத் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் புண் வருவதற்கும் அதே அடைப்புதான் காரணம், ஏனென்றால் இரைப்பையின் சுவரைக் காப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். வேறு வழியில் அழற்சியை அடக்கும் மருந்து வேண்டும் என்ற தேடல் அதனால் ஓயவே இல்லை.

சுருக்கமாக இதுவரை: அழற்சி ஒரே குழாயில் வரும் தண்ணீர் இல்லை, அதற்குப் பல வழிகள். "அழற்சி மருந்து" என்று யாராவது சொன்னால் அது எந்த வழியை அடைக்கிறது என்று கேட்க வேண்டும்.

சேஸிஸ் ஒன்று, பாடி வேறு

சேலம் – கோவை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கேபின் இல்லாத, பின்னால் ஒன்றுமே இல்லாத வெறும் சேஸிஸை, வெயிலுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓட்டிப் போவார். அது நாமக்கல்லில் ஒரு பட்டறைக்குப் போனால் லோடு லாரியாகவோ டேங்கராகவோ வெளியே வரும். திருச்செங்கோட்டில் கம்ப்ரசரும் துளை போடும் சாமான்களும் ஏறினால் ரிக் வண்டி. சேஸிஸைப் பார்த்து "இது தண்ணி கொண்டுவருமா, போர் போடுமா?" என்று கேட்டால் பட்டறைக்காரர் சிரிப்பார். அது மேலே என்ன கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

குயினோலின் அப்படிப்பட்ட சேஸிஸ். ஆறு அணுக்கள் கொண்ட இரண்டு வளையங்கள், ஒரு பக்கத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டு ஒட்டியிருக்கின்றன. ஒரு வளையம் முழுக்கக் கார்பன். அடுத்த வளையத்தில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன். மொத்தம் ஒன்பது கார்பன், ஏழு ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன். நைட்ரஜனை 1 என்று வைத்து ஓரமாக எண்ணிக்கொண்டு போனால், 2 முதல் 8 வரை ஏழு இடங்களில் ஒவ்வொரு ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு வேறு எதை வேண்டுமானாலும் பொருத்தலாம். வேதியியலாளர்களுக்கு இந்த ஏழு இடங்கள்தான் விளையாட்டுக் களம்.

ஏன் இதன் மேல் இவ்வளவு ஆசை? வளையங்கள் தட்டையானவை, புரதங்களின் குறுகலான பள்ளங்களில் நுழைந்துகொள்ளும். கார்பன் மிகுந்த உடம்பு என்பதால் கொழுப்பால் ஆன செல் உறையைத் தாண்ட உதவும். நைட்ரஜன் ஒரு பிடிமானம். புரதத்தில் இருக்கும் ஹைட்ரஜனை அது பற்றிக்கொள்ளும். அப்புறம், ஆய்வகத்தில் கட்டுவதும் சுலபம்.

ஒப்புமை ஓரளவுக்குத்தான் ஓடும். லாரியில் பின்பக்கப் பெட்டியை மாற்றினால் இன்ஜின் மாறாது. மூலக்கூறில் ஒரு மூலையில் குளோரின் அணு ஒன்றை வைத்தால் அடுத்த வளையத்து நைட்ரஜனின் குணமும் கொஞ்சம் மாறிவிடும். சேஸிஸும் பாடியும் ஒன்றையொன்று இழுக்கும்.

வெறும் குயினோலினை யாரும் மருந்தாகக் கொடுப்பதில்லை. அது நிலக்கரித் தாரில் இருக்கும், காட்டமான வாடை அடிக்கும் ஒரு எண்ணெய்த் திரவம். எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கொடுத்த சோதனைகளில் ஈரலில் கட்டி உண்டாக்கியது. "குயினோலின் நல்லதா கெட்டதா?" என்ற கேள்வியே பொருந்தாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பட்டையிலிருந்து மாத்திரைக்கு

வால்பாறை போயிருப்பவர்களுக்கு சின்கோனா என்ற ஊர் தெரிந்திருக்கும். இன்று சுற்றிலும் தேயிலை. ஊருக்குப் பெயர் கொடுத்தது ஒரு மரம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மரத்தின் பட்டைதான் மலேரியாவுக்கு அந்தக் காலத்து மருந்து. நீலகிரியில் 1860களிலேயே அதை நட்டார்கள். ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில் நடுவட்டத்தில் பட்டையிலிருந்து மருந்து எடுக்கும் ஆலையும் இருந்தது. பட்டையின் சாரமான குயினைனை 1820இல் பிரான்சில் பெல்லெட்டியேவும் கவெந்துவும் தனியாகப் பிரித்தார்கள். அந்தக் குயினைனுக்குள் இருப்பது குயினோலின் வளையம்.

மஞ்சள் விளையும் ஈரோட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: "இயற்கை மருந்து, கெமிக்கல் மருந்து" என்று கோடு கிழிக்கிறவர்கள் இந்த மரத்தை எந்தப் பக்கம் வைப்பார்கள்? மஞ்சளில் இருக்கும் குர்குமினும் கெமிக்கல்தான். ஆய்வகத் தட்டில் அழற்சியை அடக்குகிறது. ஆனால் வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. மரத்தில் விளைந்ததா, குடுவையில் விளைந்ததா என்று உடம்பு பார்ப்பதில்லை.

மலேரியா மருந்து அழற்சிக்கும் உதவும் என்பது தற்செயலாகத் தெரிய வந்தது. 1894இல் லண்டனில் பெய்ன் என்ற மருத்துவர் லூபஸ் நோயாளிகளுக்குக் குயினைன் கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் மலேரியா வராமல் இருக்கப் படைவீரர்கள் மெப்பக்ரின் என்ற மருந்தை நாள்தோறும் விழுங்கினார்கள்; குயினோலினோடு இன்னொரு வளையமும் சேர்ந்த அமைப்பு அது. அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே இருந்த தோல் தடிப்பும் மூட்டுவலியும் குறைந்தன. பேஜ் என்ற மருத்துவர் 1951இல் லூபஸுக்கு மெப்பக்ரின் பலன் தருவதை எழுதினார். 1934இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஹான்ஸ் ஆண்டர்சாக் உருவாக்கிய குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தில் ஹைட்ராக்சில் தொகுதி ஒன்றைக் (ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) கூட்டி, நச்சுத்தன்மை குறைந்த ஹைட்ராக்சிகுளோரோகுயினைச் செய்தார்கள். 1950களின் நடுவிலிருந்து அது மூட்டுக்கும் லூபஸுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. பேரனின் போன் சொன்ன பழைய வேலை மலேரியா. முடக்குவாதச் சீட்டில் இருப்பது ஏறத்தாழ எழுபது வருடமாக நடக்கும் இரண்டாவது வேலை.

மூட்டில் அது என்ன செய்கிறது?

நம் செல்களுக்குள் லைசோசோம் என்ற சிறு அமிலப் பைகள் இருக்கின்றன. செல் விழுங்கியவற்றை உடைத்துக் கரைக்கும் இடம் அது. உள்ளே அமிலம் இருந்தால்தான் அங்குள்ள நொதிகள் வேலை செய்யும்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஒரு வலுக்குறைந்த காரம். காரம் என்றால் அமிலத்தை எதிர்கொள்ளும்போது ஹைட்ரஜன் அயனியை, அதாவது மின்னேற்றம் உள்ள ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் பொருள். ரத்தத்தில் இருக்கும்போது அதில் ஒரு சிறு பகுதி மின்னேற்றம் இல்லாமல் இருக்கிறது. அந்த நிலையில் செல் உறையையும் லைசோசோமின் உறையையும் சுலபமாகத் தாண்டிவிடும். அமிலப் பைக்குள் போனதும் வளையத்து நைட்ரஜனும் பக்கச் சங்கிலி நைட்ரஜனும் ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்துக்கொண்டு மின்னேற்றம் அடைகின்றன. மின்னேற்றம் உள்ள பொருளால் அந்தக் கொழுப்பு உறையைத் திரும்பத் தாண்ட முடியாது. போனது போனதுதான். இப்படியே சேர்ந்து சேர்ந்து பையின் அமிலத்தன்மை குறைகிறது.

அமிலம் குறைந்தால் இரண்டு காரியம் கெடுகிறது. வெள்ளையணுக்கள் புரதங்களைத் துண்டாக்கி "இதோ பகையாளி" என்று மற்ற அணுக்களுக்குக் காட்டும் வேலை மந்தமாகிறது. இன்னொன்று, அந்தப் பைகளின் சுவரில் டோல் போன்ற ஏற்பிகள் என்று சில புரதங்கள் இருக்கின்றன. ஏற்பி என்பது ஒரு குறிப்பிட்ட பொருள் வந்து ஒட்டினால் செல்லுக்குள் செய்தி அனுப்பும் புரதம். இவற்றில் 7ஆம், 9ஆம் எண் ஏற்பிகள் வைரஸ், பாக்டீரியாவின் மரபுப் பொருளைக் கண்டுபிடித்துக் கூச்சல் போடுபவை. லூபஸில் உடம்பின் சொந்த மரபுப் பொருளைப் பார்த்தே கூச்சல் போடுகின்றன. மருந்து அந்தக் கூச்சலைக் குறைக்கிறது, சைட்டோகைன் வரத்தும் குறைகிறது.

மலேரியாவிலும் இதே பொறிதான். ரத்தச் சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து அதன் ஹீமோகுளோபினைத் தின்னும் ஒட்டுண்ணிக்கும் ஒரு அமிலப் பை உண்டு. மருந்து அங்கே போய் மாட்டிக்கொண்டு, தின்ற ஹீமோகுளோபினிலிருந்து வரும் நச்சை ஒட்டுண்ணி பத்திரமாக மூட்டை கட்டி வைக்க விடாமல் தடுக்கிறது. ஒட்டுண்ணி தன் சாப்பாட்டாலேயே சாகிறது. "சம்பந்தமே இல்லாத இரண்டு நோய்க்கு ஒரே மாத்திரையா?" என்பவர்களுக்கு இதுதான் பதில். நோய்கள் வேறு, அமிலப் பை பொது.

இந்தச் செயல்முறை புரிந்தால் நடைமுறையில் இரண்டு விஷயம் தெளிவாகிவிடும். முதலாவது, பலன் மெதுவாகத்தான் வரும். பைகளில் மருந்து சேர வேண்டும், எதிர்ப்பாற்றல் அடங்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். பத்து நாள் போட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கலீங்க" என்று நிறுத்துகிறவர்கள் இதை வலி மாத்திரையாக எண்ணிவிடுகிறார்கள். இது புரோஸ்டாகிளாண்டின் பக்கம் அடைக்கிற மருந்து இல்லை, ராத்திரி போட்டால் காலையில் வலி போகாது.

இரண்டாவது, கண். மருந்து விழித்திரையில் தங்கி, வருடக்கணக்கில் சேர்ந்தால் பார்வையைக் கெடுக்கக்கூடும். அதனால்தான் அளவு உடல் எடைக்கு ஏற்றது: நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கண் மருத்துவர்களின் கணக்கு. நாற்பது கிலோ எடை உள்ளவருக்கு அது 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. ஆரம்பத்தில் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடம் ஆன பிறகு வருடா வருடம் ஒன்று. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இன்னும் முன்னதாகவே. கண்ணாடி போடும் இடத்தில் எழுத்து வாசித்துக் காட்டுவது இந்தப் பரிசோதனை ஆகாது. விழித்திரையைப் பார்க்க வேண்டும்.

அதே வளையம், வேறு வேலை

இங்கேதான் சேஸிஸ் கதை சூடு பிடிக்கிறது. மழைக்காலம் வந்தால் வீசிங்குக்கு எழுதும் மான்டெலுகாஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மாத்திரைக்குள்ளும் குயினோலின் இருக்கிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயினில் 7ஆம் இடத்தில் ஒரு குளோரின். மான்டெலுகாஸ்ட்டிலும் அதே 7ஆம் இடத்தில் ஒரு குளோரின். அதுவரை இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்று. ஆனால் முன்னதில் நீளமான பக்கச் சங்கிலி 4ஆம் இடத்தில் தொங்குகிறது. பின்னதில் வேறொரு பெரிய அமைப்பு 2ஆம் இடத்தில் நீள்கிறது.

இந்த வித்தியாசத்தால் வேலையே மாறிப்போகிறது. மான்டெலுகாஸ்ட் லியூகோட்ரீன் வந்து ஒட்ட வேண்டிய ஏற்பியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறது. லியூகோட்ரீன் உற்பத்தி நிற்பதில்லை, ஆனால் அதன் செய்தி மூச்சுக்குழாயை எட்டாது. இரண்டும் அழற்சி மருந்துகள், இரண்டிலும் ஒரே வளையம், ஒரே குளோரின். ஆனால் மூட்டுக்கு மான்டெலுகாஸ்ட்டையும் வீசிங்குக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் மாற்றிக் கொடுக்க முடியாது. பக்கவிளைவும் வேறு வேறு: அங்கே கண், இங்கே தூக்கக் கெடுதலும் மனநிலை மாற்றமும். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்காக மான்டெலுகாஸ்ட் பெட்டியில் கடுமையான எச்சரிக்கை போடச் சொன்னது.

இன்னும் வேடிக்கை இமிக்விமாட். குயினோலினோடு மேலும் ஒரு வளையம் சேர்ந்த அமைப்பு, மருவுக்குத் தடவும் கிரீம். மேலே சொன்ன 7ஆம் எண் ஏற்பியை இது தட்டி எழுப்புகிறது. தடவிய இடம் சிவந்து வீங்கும். அந்த அழற்சிதான் மருவை அழிக்கிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் அடக்கிவைக்கும் அதே ஏற்பியை இது உசுப்பிவிடுகிறது! "குயினோலின் அழற்சியைக் குறைக்கும்" என்ற வாக்கியம் எவ்வளவு அரைகுறை என்று இப்போது தெரிந்திருக்கும்.

சிப்ரோஃப்ளாக்சசின் பற்றியும் கேட்பார்கள், ஏனென்றால் அந்த வகைக்குக் குயினோலோன் என்று பெயர். நெருங்கிய உறவு உண்மைதான், வளையத்தின் 4ஆம் இடத்தில் ஆக்சிஜன் வந்த வகை. வேலை பாக்டீரியாவைக் கொல்வது. மூட்டு வீக்கத்துக்கு இதை வாங்கிப் போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த வகை மருந்து தசைநாண்களைப் பாதிக்கும், குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் பெரிய தசைநாண் அறுந்துபோனதுகூட உண்டு.

சுருக்கமாக: வளையம் பொதுவாக இருப்பதால் வேலை பொதுவாகாது. எந்த இடத்தில் என்ன பொருத்தியிருக்கிறது, அது உடம்பில் எதைப் போய்த் தொடுகிறது என்பதுதான் மருந்தை நிர்ணயிக்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் நடப்பது

இனி இரண்டாவது கேள்வி, நம்மூரில் கண்டுபிடித்த மருந்து எப்போது கடைக்கு வரும்?

குயினோலினைக் கட்டும் வழிகள் பழையவை. வியன்னாவில் ஸ்க்ராப் 1880இல் அனிலின், கிளிசரின், கந்தக அமிலம், நைட்ரோபென்சீன் ஆகியவற்றைச் சூடாக்கிச் செய்தார். எதிர்வினை முரட்டுத்தனமாகப் பொங்கும் என்பதால் இரும்பு சல்பேட் சேர்த்துத் தணிப்பார்கள். பார்மசியில் முதுகலை படிக்கும் எம்.பார்ம் மாணவர்கள் பெரும்பாலும் வேறு வழியில் போவார்கள்: அசிட்டனிலைடு என்ற மலிவான பொருளை எடுத்து, பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடும் டைமெத்தில்ஃபார்மமைடும் சேர்த்துச் சூடாக்குவது. மூடி திறந்தாலே புகைந்து மூக்கை அரிக்கும் பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடை ஒருமுறை கையாண்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஐஸ் போட்ட தண்ணீரில் ஊற்றினால் மஞ்சள் நிறத்தில் திடப்பொருள் பிரியும். 2ஆம் இடத்தில் குளோரினும் 3ஆம் இடத்தில் ஆல்டிஹைடு என்ற, சுலபமாக வினைபுரியும் தொகுதியும் உள்ள குயினோலின் அது. அந்த ஆல்டிஹைடில் விதவிதமாகப் பொருத்தி, பத்துப் பதினைந்து புதுச் சேர்மங்கள் செய்துவிடலாம். உருகுநிலை பார்த்து, நிறமாலை எடுத்து, சேர்மம் அதுதான் என்று உறுதி செய்வார்கள். அதற்கும் முன்பு கணினியில் ஒரு புரதத்தின் பள்ளத்தில் மூலக்கூறைப் பொருத்திப் பார்த்து மதிப்பெண் போடுவதும் இப்போது வழக்கம். டாக்கிங் என்று அதற்குப் பெயர். மதிப்பெண் நன்றாக இருந்தால் முயற்சி செய்யலாம் என்று அர்த்தம், மருந்து என்று அர்த்தமில்லை.

அப்புறம் எலியின் பாதம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, எலிகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு வெறும் கரைசல், ஒரு குழுவுக்கு டைக்ளோஃபெனாக் அல்லது அதைப் போன்ற இண்டோமெதசின், மற்றவற்றுக்குப் புதுச் சேர்மங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னங்கால் பாதத்தில் கராஜினன் கரைசலை 0.1 மில்லி ஊசியில் ஏற்றுவார்கள். கராஜினன் சிவப்புக் கடற்பாசியிலிருந்து வரும் பொருள். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கச் சேர்ப்பதும் இதுதான். பாதம் வீங்கத் தொடங்கும். மணிக்கொரு முறை பாதத்தைத் திரவம் நிரம்பிய குழாயில் அமிழ்த்தி, எவ்வளவு திரவம் விலகுகிறது என்று அளப்பார்கள். மூன்றாவது மணி நேரத்தில் வீக்கம் எத்தனை சதவீதம் குறைந்தது என்ற எண்தான் ஆய்வுக் கட்டுரையின் முடிவு வரி. 1962இலிருந்து உலகம் முழுக்க இந்தச் சோதனை நடக்கிறது.

நல்ல சோதனைதான், குறை சொல்லவில்லை. அது எதைச் சொல்லாது என்பதில்தான் விஷயம். சில மணி நேரத்து வீக்கத்தை வைத்து, பத்து வருடமாக மூட்டை அரிக்கும் நோய்க்கு முடிவு சொல்ல முடியாது. வீக்கம் குறைந்தால் எந்த வழி அடைபட்டது என்றும் தெரியாது. இதைவிடச் சங்கடம் ஒன்று உண்டு: எலியின் வயிற்றுக்குள் ஊசியில் ஏற்றிய பொருள் அங்கே எரிச்சலை உண்டாக்கினால், அந்த எரிச்சலே பாத வீக்கத்தைக் குறைத்துக் காட்டிவிடும். சேர்மம் அழற்சியை அடக்கவில்லை, வேறொரு அழற்சியை உண்டாக்கியிருக்கிறது. எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். என்னைக் கேட்டால், எந்த ஏற்பி, எந்த நொதி என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்லும் கட்டுரையைச் செய்தியாக்கவே கூடாது.

ஓர் உயிரில் நடந்தது இன்னொன்றில் நடக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இதற்கு சத்தியமங்கலத்துக்கு அப்பால் பாறுக் கழுகுகள் வாழும் மாயாறு பள்ளத்தாக்கைப் பார்த்தாலே போதும். மாட்டுக்கு வலி நீக்கிய டைக்ளோஃபெனாக், அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகளைச் சிறுநீரகம் செயலிழக்க வைத்துக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியாவில் தடை செய்ய வேண்டி வந்தது.

எலிக்கு அப்புறம்

எலியைத் தாண்டிய சேர்மத்துக்குக் காத்திருக்கும் கேள்விகள் நிறைய. குடலில் உறிஞ்சப்படுமா? ஈரல் அதை எதுவாக மாற்றுகிறது? மரபுப் பொருளைக் கெடுக்குமா? வெறும் குயினோலினின் ஈரல் கட்டிக் கதை தெரிந்தவர்கள் இதை விட்டுவிட மாட்டார்கள். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்குமா? குளோரோகுயினுக்கு அந்தக் குணம் உண்டு என்பதால் இந்தக் குடும்பத்துக்கே சந்தேகப் பார்வை. இவற்றில் தேறினால்தான் மனிதரில் மூன்று கட்டச் சோதனை: முதலில் சிலரிடம் பாதுகாப்பு, அடுத்து நோயாளிகளிடம் அளவும் பலனும், கடைசியில் பெருந்திரளானவர்களிடம் ஒப்பீடு.

கடைசிக் கட்டத்திலும் கவிழலாம். ரொக்வினிமெக்ஸ் என்ற குயினோலின் வகைச் சேர்மம் நரம்புறையைத் தாக்கும் ஒரு தன்னெதிர்ப்பு நோய்க்கு அந்தக் கட்டம் வரை வந்தது. சிலருக்கு மாரடைப்பும் இதய உறை அழற்சியும் வந்ததால் சோதனையையே நிறுத்தினார்கள். அழற்சி மருந்தால் அழற்சி! அதன் வளையத்தில் சில மாற்றங்கள் செய்து லாக்வினிமாட் பிறந்தது. அதற்கும் 2014இல் ஐரோப்பிய மருந்து அமைப்பு ஒப்புதல் தர மறுத்தது.

2020 மார்ச்சில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் கொரோனா வைரஸைத் தடுத்தது என்ற செய்தியால் ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு ஓட்டம் பிடித்தது. கடைகளில் இருப்பு தீர்ந்தது. வருடக்கணக்கில் சாப்பிட்டு வந்த லூபஸ்காரர்கள் அரை அட்டைக்கு அலைந்தார்கள். அந்தச் செல்கள் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. மனித நுரையீரல் செல்களில் பார்த்தபோது அந்தத் தடுப்பு இல்லை. ஜூன் மாதம் இங்கிலாந்தின் பெரிய ஒப்பீட்டுச் சோதனை, மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் மரணத்தை அது குறைக்கவில்லை என்று காட்டியது.

எல்லாமே தோல்விக் கதை இல்லை. ஒபெஃபாசிமாட் என்ற குயினோலின் சேர்மத்தை முதலில் எச்.ஐ.வி.க்காக எடுத்தார்கள். வைரஸைவிட அழற்சியில்தான் அது நன்றாக வேலை செய்வது தெரிந்து, பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி நோய்க்குத் திருப்பினார்கள். அது செல்லுக்குள் ஆர்.என்.ஏ. என்ற மரபுப் பொருளின் ஒரு சிறு துண்டின் உற்பத்தியைக் கூட்டி, அதன் மூலம் பல சைட்டோகைன்களை ஒன்றாகத் தணிக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் இல்லை, லியூகோட்ரீன் இல்லை, அமிலப் பையும் இல்லை. அதே வளையத்தில் முற்றிலும் புது வழி. 2020களில் அது மூன்றாம் கட்டச் சோதனைக்கு வந்தது. 8ஆம் இடத்தில் குளோரின், 2ஆம் இடத்தில் ஒரு நைட்ரஜன், அதோடு இன்னொரு வளையம், அவ்வளவுதான் அதன் பாடி.